மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார்: சத்தம் இருக்கு, நோட்டு கேக்கல

நாலுகம்பி எழுதியது:

வணக்கம். மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். தொழில்முறை இல்லை, கோயில் திருவிழா, ரிசப்ஷன்னு மாசம் ரெண்டு மூணு கச்சேரி. நாலு ஸ்ட்ரிங், ஜாஸ் பேஸ் மாடல், பாஸிவ் (பேட்டரி கிடையாது). ஸ்ட்ரிங் 45-105 செட். ஆம்ப் இல்லை. கேபிளை நேரா மைக்செட்காரரோட மிக்ஸர்ல லைன் இன்புட்ல சொருகிடுறோம்.

இதுல நாலு தலைவலி.

சத்தம் வருது, ஆனா என்ன நோட்டுனு யாருக்கும் தெரியல. முன்வரிசையில இருக்கறவங்க "இடி இடிக்கிற மாதிரி இருக்கு"ங்கறாங்க. லோ கொஞ்சம் ஏத்தச் சொன்னா இன்னும் மோசம்.

ஜெனரேட்டர்ல ஓடும்போது 'ம்ம்ம்'னு ஒரு ஹம். ஸ்ட்ரிங்கைத் தொட்டா குறையுது, கையை எடுத்தா திரும்ப வருது.

பாடகர் கடைசி நிமிஷத்துல "ரெண்டு கட்டைக்கு இறக்கிக்கலாம்"னுவார் (கட்டைன்னா சுருதி). கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிட்டு நிம்மதியா இருக்கார். எனக்கு ஓபன் ஸ்ட்ரிங்ல பழகின லைன் எல்லாம் போச்சு. இப்போதைக்கு நாலு ஸ்ட்ரிங்கையுமே ரெண்டு ஃப்ரெட் (நெக்குல குறுக்கே இருக்கற உலோகக் கோடு) அளவு இறக்கி வச்சுத்தான் சமாளிக்கிறேன்.

கடைசியா, இ ஸ்ட்ரிங்ல ஒண்ணுல இருந்து அஞ்சாவது ஃப்ரெட் வரைக்கும் கரகரன்னு இரையுது. மேல போனா சரியா இருக்கு.

அஞ்சு ஸ்ட்ரிங் வாங்கினா எல்லாம் சரியாகுமா? செலவு பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு.

———

மைக்செட்_மணி எழுதியது:

அஞ்சு ஸ்ட்ரிங் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். உங்கள் முதல் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பாஸிவ் பேஸ் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) பலவீனமான சிக்னல் தரும். ஜாஸ் பேஸ் பிக்கப்பின் டிசி ரெசிஸ்டன்ஸே 7, 8 கிலோ ஓம் இருக்கும். மேல் அலைவரிசைகளில் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு உள்ள மொத்த எதிர்ப்பு) இன்னும் பல மடங்கு ஏறும். மிக்ஸரின் லைன் இன்புட் 10, 20 கிலோ ஓம்தான். இரண்டையும் நேராக இணைத்தால் லெவல் விழும், அதைவிட மோசமாக மேல் பகுதி முழுக்கச் செத்துப்போகும். விரல் ஸ்ட்ரிங்கில் படும் அந்த 'டக்' போனால் மிச்சம் வெறும் 'பூம்' மட்டுமே. அதை ஈடுகட்ட கெயினை ஏற்றுவார்கள், ஹம்மும் கூடவே ஏறும்.

ஆக்டிவ் டிஐ வாங்குங்கள். அதன் இன்புட் 1 மெகா ஓம் அளவில் இருக்கும், பிக்கப்பை அழுத்தாது. பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ, ஆக்டிவ் பேஸுக்கு பாஸிவ் டிஐ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஆக்டிவ் டிஐக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) வேண்டும். பழைய மிக்ஸரில் அது இருக்காது, ஆகவே 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடுகிற மாடலாகப் பார்த்து எடுங்கள். பேஸிலிருந்து டிஐக்கு பி-38 ஜாக் (கால் இன்ச் ப்ளக்) கேபிள், 3 மீட்டர் போதும். டிஐயிலிருந்து மிக்ஸருக்கு மைக் கேபிள், அது எத்தனை நீளமானாலும் கவலையில்லை.

இனி ஈக்யூ, அதாவது எந்த அலைவரிசையை ஏற்றுவது, எதை இறக்குவது. இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓபன் இ 41 ஹெர்ட்ஸ். நீங்கள் ஸ்ட்ரிங்கை இறக்கி வைத்திருப்பதால் அது டி, அதாவது 36.7 ஹெர்ட்ஸ். திருவிழா மைக்செட்டில் சப் (அடி ஒலிக்கான சப்-வூஃபர் பாக்ஸ்) இல்லாமல் 12 அல்லது 15 இன்ச் டாப் பாக்ஸ் மட்டும் இருந்தால் அந்த அடி ஒலியை அது தரவே தராது. நம் காது 80, 120 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இருக்கும் ஹார்மோனிக்ஸை (நோட்டோடு சேர்ந்து வரும் மேல் ஒலிகளை) வைத்துத்தான் நோட்டைக் கண்டுபிடிக்கிறது. லோ குமிழைத் திருகினால் கோன் அலைபாயும், ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகும், நோட்டு மட்டும் வராது.

செய்ய வேண்டியது: 200-250 ஹெர்ட்ஸில் 3, 4 டெசிபல் குறையுங்கள், 700-800 பக்கம் 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். கல்யாண மண்டபத்தில் தகரக் கூரை, மொட்டைச் சுவர் என்றால் 250-ஐ இன்னும் குறைக்கலாம். சேனலில் லோ கட் (அடி ஒலியை வெட்டும்) பட்டன் இருக்கும், பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள். சப் இருந்தால் அதைத் தொடாதீர்கள். டாப் மட்டும் இருக்கும் இடத்தில் பேஸ் சேனலிலேயே அதை அமுக்கிப் பாருங்கள். "பேஸுக்கு லோ கட்டா?" என்று மைக்செட்காரர் முறைப்பார். முறைக்கட்டும், நோட்டு தெளிவாகக் கேட்கும்.

கம்ப்ரஸர் (பலமான நோட்டுகளைத் தானாக அடக்கும் கருவி) இருந்தால் ரேஷியோ 4:1, அட்டாக் 20-30 மில்லி செகண்ட், பலமான நோட்டில் 4 டெசிபல் அளவுக்குக் குறைகிற மாதிரி த்ரெஷோல்ட். அட்டாக்கை இதைவிட வேகமாக வைத்தால் அந்த 'டக்' மறுபடி காணாமல் போகும்.

மேடையில் உங்களுக்குக் கேட்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். பாக்ஸுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கேட்பது வேறு, பத்தாவது வரிசைக்குக் கேட்பது வேறு. சவுண்ட் செக்கில் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே இறங்கி நில்லுங்கள்.

———

கீழ்ஸ்தாயி எழுதியது:

மணி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். "நோட்டு தெரியல"ன்னா முதல்ல கீபோர்டுக்காரரோட இடது கையைப் பாருங்க. அவர் அடியில ரூட் நோட்டை அமுக்கிட்டே இருந்தா உங்க பேஸ் தொலைஞ்சது. ரெண்டு பேரும் ஒரே நோட்டைத்தானே வாசிக்கிறோம்னு தோணும். ஆனா 55 ஹெர்ட்ஸ்ல ரெண்டுக்கும் 10 சென்ட் (அரைக்கட்டையில நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் இருந்தாலே மூணு செகண்டுக்கு ஒரு தடவை சத்தம் வீங்கி வீங்கி அடங்கும். அதுக்கு ஈக்யூவுல மருந்து கிடையாது. பேஸ் இருக்கிற பாட்டுல நடு சிக்குக் கீழ இடது கை ஒரு ஸ்தாயிக்கு மேல இறங்க வேணாம்னு பேசிக்கங்க. ஸ்டைல் (தானா ஓடுற பின்னணி) போட்டு வாசிக்கிற கீபோர்டா இருந்தா அந்த ஸ்டைலுக்குள்ளயே ஒரு பேஸ் பார்ட் ஓடும், அதை மட்டும் தனியா ஆஃப் பண்ணலாம். நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது.

கட்டை விஷயத்துக்கு வருவோம். இதை மனப்பாடம் பண்ணிடுங்க: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒன்றரை சி ஷார்ப், ரெண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், அஞ்சரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரை கிடையாது. பேஸ்ல 4 கட்டைல இருந்து 7 வரைக்கும் ரூட் இ ஸ்ட்ரிங்ல 1-லிருந்து 7-ஆவது ஃப்ரெட்டுக்குள்ள. 1 கட்டைல இருந்து 3 வரைக்கும் ஏ ஸ்ட்ரிங்ல 3-லிருந்து 7-க்குள்ள. இவ்வளவுதான் வரைபடம்.

பாடகர் "ரெண்டு கட்டை"ன்னா டி-யில பாடணும்ங்கறாரா, இல்ல இப்ப இருக்கறதுல இருந்து ரெண்டு கட்டை இறக்கணும்ங்கறாரான்னு ஒரு தடவை கேட்டுக்கங்க. மேடையில பாதிக் குழப்பம் இதுலதான்.

அடுத்த குழி டிரான்ஸ்போஸ் பட்டன். கீபோர்டுக்காரர் மைனஸ் 2 வச்சுட்டு பழைய இடத்துலயே வாசிப்பார். நீங்க "என்ன கார்டு?"ன்னு கேட்டா தன் விரலைப் பாத்துட்டு "ஏ மைனர்"ம்பார். வெளிய கேக்கறது ஜி மைனர். அதனால கார்டு பேரே பேசாதீங்க. ரூட்டை 1-னு வச்சு எண்ணுல எழுதுங்க. ஏ மைனர், எஃப், ஜி, ஏ மைனர்னா 1, 6, 7, 1. ஸ்வரத்துல சொல்றது பழக்கம்னா ச, த, நி, ச. பேப்பர் ஒண்ணுதான், எந்தக் கட்டைக்கும் செல்லும்.

ஆனா எண்ணுல எழுதிட்டா மட்டும் போதாது, ஒரு சிக்கல் இருக்கு. இதே லைனை ஏ-யில வாசிக்கும்போது இ ஸ்ட்ரிங் 5, அப்புறம் 1, 3, திரும்ப 5. ரெண்டு ஃப்ரெட் இறக்கினா 3, அடுத்தது மைனஸ் 1. ஃப்ரெட்டே இல்லை! அங்க தடுமாறி அந்த ஒரு நோட்டை மட்டும் மேல் ஸ்தாயில போட்டா லைனோட வடிவமே கோணலாகிடும். இறங்க வேண்டிய இடத்துல ஏறும். அந்த மாதிரி வந்தா முழு லைனையும் ஒரு ஸ்தாயி தூக்கிடுங்க: டி ஸ்ட்ரிங் 5, ஏ ஸ்ட்ரிங் 6, 8, திரும்ப டி ஸ்ட்ரிங் 5. இளையராஜா பாட்டுங்கள்ல இது ரொம்ப முக்கியம். அங்க பேஸ் வெறும் ரூட் கிடையாது, மெலடிக்கு எதிர்ப்பேச்சு பேசற இன்னொரு குரல். ஸ்தாயி உடைஞ்சா சாதாரணமா கேக்கறவங்களுக்கே "ஏதோ சரியில்ல"ன்னு தெரிஞ்சிடும்.

ஓபன் ஸ்ட்ரிங் பழக்கத்தை விட ஒரு வழி: வீட்ல எந்தப் பாட்டையும் மூணு கட்டையில பழகுங்க. ஒரிஜினல், அரைக்கட்டை மேல, ஒரு கட்டை கீழ. மூணுலயும் ஓபன் ஸ்ட்ரிங் தொடக்கூடாது. கிளிக்கை (மெட்ரோனோம்) 70-ல ஆரம்பிங்க.

குத்துப் பாட்டு, திஸ்ர நடை வந்தா ஆறு தட்டுக்கும் நோட்டு போடாதீங்க. டோலக்கோட அடி விழுற இடத்துல மட்டும் விழுந்து, உடனே இடது கையை லேசாத் தளர்த்தி நோட்டை நிறுத்துங்க. எப்ப ஆரம்பிக்கிறோம்ங்கறதைவிட எப்ப நிறுத்தறோம்ங்கறதுதான் அங்க தாளம். முன்வரிசைக்காரங்க சொன்ன இடியில பாதி, நிறுத்தாம விட்ட நோட்டுங்களாத்தான் இருக்கும்.

அஞ்சு ஸ்ட்ரிங் இப்ப வேணாம். காசு மிச்சம்.

———

ஒல்லிநெக் எழுதியது:

கரகரப்புக்கும் ஸ்ட்ரிங் இறக்கியதற்கும் தொடர்பு இருக்கிறது. தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம்.

நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 70, 80 கிலோ விசையில் முன்னால் இழுக்கின்றன. டிரஸ் ராடு (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) பின்னால் இழுத்துச் சமன் செய்கிறது. ஸ்ட்ரிங்கை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் இழுவை சுமார் 20 சதவீதம் குறையும். ராடு அதே பலத்தில் இருக்கிறது. நெக் நேராகிவிடும், அல்லது பின்பக்கம் வளையும். தளர்ந்த ஸ்ட்ரிங் அகலமாகவும் ஆடும். இரண்டும் சேர்ந்தால் 1 முதல் 5 வரை இரையும். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் இரைந்திருந்தால் அது வேறு கதை, சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) உயரம் பார்க்க வேண்டும்.

முதலில் டியூனரில் ஏ நோட்டுக்கு 440 ஹெர்ட்ஸ் வைத்து இ-ஏ-டி-ஜி-க்கு டியூன் செய்து அரை நாள் விடுங்கள். பிறகு அளவெடுங்கள். பேஸை வாசிக்கும் நிலையில் பிடித்து, இ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரம் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு ஒரு கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் ஒரு கை மிச்சமாகும். 7, 8-ஆவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மோட்டார் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். இல்லாவிட்டால் கனமான விசிட்டிங் கார்டு ஒன்று உரசிப் போகிற அளவு. இடைவெளியே இல்லையென்றால் ராடைத் தளர்த்த வேண்டும்: ஆலன் கீயை இடப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி டியூன், மறுபடி அளவு. கீ சரியாகப் பொருந்தாமல் வழுக்கினால் நிறுத்திவிடுங்கள். 4 மில்லிமீட்டருக்கும் 5-க்கும் இடையில் இன்ச் அளவு கீயும் உண்டு. தவறான கீ ராடின் தலையை மழுக்கிவிட்டால் செலவு பேஸ் விலையில் பாதி ஆகலாம்.

இந்த இடைவெளி (ரிலீஃப்) சரியான பிறகு 17-ஆவது ஃப்ரெட்டில் உயரம்: இ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். ஃபெண்டர் 9.5 முதல் 12 இன்ச் ரேடியஸ் (விரல்பலகையின் வளைவு) நெக்குக்குச் சொல்லும் அளவு இது. கையில் பலம் போட்டு வாசிப்பவர் என்றால் இ பக்கம் 2.7 வரை போகலாம். கடைசியில்தான் இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது): 12-ல் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி), 12-ல் அழுத்திய நோட்டு, இரண்டையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஷார்ப் ஆனால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்வீர்கள். நாள்பட்ட ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு இன்டொனேஷன் பார்ப்பதும் வீண்.

டி-யில் இருக்கும் ஒன்றிரண்டு பாட்டுக்காக மட்டும் கீழ் நோட்டு வேண்டுமென்றால் இ ஸ்ட்ரிங்கை மட்டும் டி-க்கு இறக்குங்கள். அந்த ஸ்ட்ரிங்கில் எல்லாம் இரண்டு ஃப்ரெட் மேலே நகரும், ஜி 5-ல், ஏ 7-ல். மற்ற மூன்றும் அப்படியே.

அஞ்சு ஸ்ட்ரிங் பற்றி கீழ்ஸ்தாயி சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். லோ பி 31 ஹெர்ட்ஸ், அது இந்த மைக்செட்டில் கேட்காது என்பது உண்மை. ஆனால் அதன் பயன் அடி ஒலியில் இல்லை. டி என்பது பி ஸ்ட்ரிங்கின் 3-ஆவது ஃப்ரெட், இ என்பது 5. ஓபன் ஸ்ட்ரிங் இல்லாமல், கை அதிகம் நகராமல் எல்லாக் கட்டையும் கைக்குள் வரும். அவர் காட்டிய அந்த மைனஸ் 1 ஃப்ரெட் அங்கே பி ஸ்ட்ரிங்கின் 4. கட்டை அடிக்கடி மாறும் குழுவுக்கு அது பெரிய வசதி. பாரமும் வலது கை மியூட்டிங்கும் வேறு பாடம். ஆறு மாதம் நாலு ஸ்ட்ரிங்கில் அவர் சொன்னபடி பழகிவிட்டு முடிவெடுங்கள்.

———

மைக்செட்_மணி எழுதியது:

ஹம்மை விட்டுவிட்டேன். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜ் எர்த் ஒயர் நன்றாகவே இருக்கிறது. பேஸுக்குள் ஷீல்டிங்தான் போதவில்லை. ஜாஸ் பேஸ் என்பதால் ஒரு எளிய சோதனை: இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுதாகத் திறங்கள். இரண்டும் எதிரெதிர் சுற்று என்பதால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒன்றை லேசாகக் குறைத்தாலும் திரும்ப வரும். இதனால் அடங்கினால் அது காற்றில் வரும் ஹம். சீரியல் செட் டிம்மர், ஜெனரேட்டர் ஒயர் இவற்றிலிருந்து தள்ளி நின்று, பேஸை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். உட்குழிவில் செம்புத் தாள் ஒட்டி அதை கிரவுண்டோடு பற்றவைத்தால் நிரந்தரத் தீர்வு.

வால்யூமை பூஜ்யமாக்கியும் ஹம் நின்றபாடில்லை என்றால் பேஸ் குற்றமில்லை. கேபிளை மாற்றுங்கள், டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும்) சுவிட்சைத் தட்டுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யவே கூடாது: ஹம் போகிறது என்பதற்காக மூணு பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைப்பது. உங்கள் ஸ்ட்ரிங் பிரிட்ஜ் வழியாக மிக்ஸர் பாடியோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத மேடையில் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) வைத்த கருவிகளின் பாடி 110 வோல்ட் வாக்கில் மிதக்கும், மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கும். அதுவே உள்ளே ஃபேஸ் ஒயர் பாடியில் பட்டிருந்தால் முழு 230. வித்தியாசத்தை உதட்டில் கண்டுபிடிக்க வேண்டாம். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஒரு முனை ஸ்ட்ரிங்கில், மற்றது மைக் வலையில். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேஸைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேடையில் உள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே போர்டிலிருந்து, ஒரே ஃபேஸிலிருந்து கரண்ட் எடுப்பது நல்லது. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி தரையில் இறக்கியிருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள், கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும்.

———

நாலுகம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலையும் 440-க்கு ஏத்தினதுமே கரகரப்பு முக்கால்வாசி போயிடுச்சு, அளவு 0.2 காட்டுது, இன்னும் கால் சுற்று குடுக்கணும். டிஐ இந்த வாரம் வாங்கறேன். இன்னொரு கேள்வி: சில பாட்டுக்கு டிராக் (முன்னாடியே பதிவு பண்ணின பின்னணி இசை) ஓட விடறாங்க. அதுக்குள்ளயே பேஸ் இருக்கு. அதுக்கு மேல நானும் வாசிக்கவா, சும்மா நிக்கவா?

———

கீழ்ஸ்தாயி எழுதியது:

பேஸ் இல்லாத டிராக் கிடைச்சா அதை வாங்குங்க. இல்லேன்னா குரல், டிரம்ஸ், பேஸ்னு பிரிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டு பேஸை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை ஒண்ணாச் சேத்துக்கலாம். லேசா ஓட்டை விழும், மேடைச் சத்தத்துல தெரியாது. ரெண்டுக்கும் நேரமில்லைன்னா டிராக் சேனல்ல 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டச் சொல்லுங்க. கிக்கும் கூடவே போகும், பேட் (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கிறவர் அதை நிரப்பட்டும். எதுவும் முடியலேன்னா அந்தப் பாட்டுக்கு வால்யூமை மூடிட்டு நில்லுங்க, தப்பே இல்ல.

வாசிக்கறதா இருந்தா முன்னாடியே டியூனிங் பாத்துக்கங்க. பழைய ரெக்கார்டிங்ல இருந்து எடுத்த டிராக் எல்லாம் 440-ல நிக்காது, டேப் ஓடின வேகத்துக்கு ஏத்த மாதிரி 20, 30 சென்ட் அங்க இங்க இருக்கும். டிராக்ல நீளமா நிக்கிற ஒரு நோட்டைக் கண்டுபிடிச்சு அதோட ஒப்பிட்டு, டியூனரோட காலிப்ரேஷனை நகத்துங்க. 445 வச்சா கிட்டத்தட்ட 20 சென்ட் ஏறும். எந்தப் பாட்டுக்கு எவ்வளவுன்னு கட்டைக்குப் பக்கத்துலயே பேப்பர்ல குறிச்சு வச்சுக்கங்க, அடுத்த பாட்டுக்கு 440-க்குத் திருப்பி வைக்கணும்ங்கறதையும் சேத்து.